ஆளுக்கு ஒரு பொடி

ஈர்க்கில் குச்சி ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்தது.

முழுதாக விழவில்லை. பாதி என் கையில் இருந்தது. மீதிப் பாதி, மூன்று வாரமாக நான் கழற்றி, கழுவி, போரிங் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, நேற்றுத்தான் மூடிய எஞ்சினுக்குள் இருந்தது.

"என்ன அத்தான், போச்சா?" என்றாள் ஷைனி. என் மனைவியின் தங்கை. திங்கட்கிழமை அவளுக்குக் கல்யாணம். அன்று வியாழன்.

"ஒண்ணும் இல்ல. சின்னத் துண்டு."

"சின்னத் துண்டு உள்ள கிடந்தா வண்டி ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப ஒண்ணு உண்டு, இல்லியா?"

ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளப்பதற்குத்தான் ஈர்க்கில். இதற்கென்று ஒரு கருவி உண்டு. போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் சைக்கிள் கம்பியை வைத்தே அளந்தார். என் கைக்கு எட்டியது மாமியாரின் துடைப்பம்.

"வாரியல எங்கன வச்சிருக்கீங்க மருமகனே?" என்று அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது.

பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மை.

வண்டி ஷைனியின் அப்பா, என் மாமாவுடையது. பழைய டூ ஸ்ட்ரோக் பைக். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்ஸர். கிக்கரும் கியரும் ஒரே கம்பி. உதைத்துவிட்டு அதையே மடக்கினால் கியர். ஷைனியை அங்கன்வாடியில் தொடங்கி, காரக்கோணத்தில் நர்சிங் படித்து முடிக்கும் வரை அதில்தான் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அமரவிளைப் பாலத்தில் பிஸ்டன் இறுகிப் பிடித்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பார். ஓடாத வண்டிக்கு மாதம் ஒருமுறை காற்றும் அடிப்பார். அதைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை சர்ச்சுக்கு அழைத்துப்போகும் காரைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். ஷைனி சொன்னாள்:

"கார் வேண்டாம். அப்பா அந்த வண்டியில என்னைக் கொண்டு விடணும்."

மாமா இலையிலிருந்து நிமிரவில்லை. "அது ஓடாதுல்லா மக்கா" என்றார்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் பேசாமல் பருப்பைப் பிசைந்திருப்பான்.

"நான் ஓட வைக்கிறேன்" என்றேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா என்னை மரியாதையோடு பார்த்தார். "நீங்க கணக்கு வாத்தியாரல்லா?"

"எஞ்சினும் கணக்குத்தான். வரிசையா கழற்றணும். அதே வரிசையைத் திருப்பிப் போட்டு மாட்டணும். அவ்வளவுதான்."

ஆட்கள் தலையாட்டினார்கள். எனக்கும் நான் சொன்னது பிடித்திருந்தது. அன்றைக்கே ஷைனி காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாமா எழுந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

வரிசைக்கு நான் பயன்படுத்தியது மாமியின் இட்லித் தட்டுகளை. ஒரு குழிக்கு ஒரு கட்டம். முதல் குழியில் முதலில் கழற்றிய ஸ்க்ரூ, இரண்டாவதில் அடுத்தது, இப்படி நான்கு தட்டுகள். படம்கூட எடுக்கவில்லை. தட்டு இருக்கும்போது படம் எதற்கு?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். எல்லா ஸ்க்ரூவும் ஒரே கிண்ணத்தில் பளபளவென்று கிடந்தன.

"கழுவி வச்சிருக்கேன் மருமகனே. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு" என்றார் மாமி. "பாத்திரம் கழுவுற சோப்பாக்கும் போட்டேன். என்னமா வெளுத்திருக்குன்னு பாருங்க."

வெளுத்துத்தான் இருந்தது.

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனேன். லேத் வைத்திருக்கும் மலையாளி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதாரு ஊரியது?"

"நான்தான் கழற்றினேன்."

"சாருக்கு எந்தா பணி?"

"பள்ளிக்கூட வாத்தியார்."

"ம்" என்றார். அந்த 'ம்' போரிங்கைவிட ஆழமாகப் போனது. "பிஸ்டன் எவிடே?"

"போரிங் போட்டபிறகு வாங்கலாமெண்ணு…"

அவர் லேத்தை நிறுத்தினார். பக்கத்தில் வேலை செய்தவரையும் கூப்பிட்டார். நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். முதலில் பிஸ்டன் வாங்கி, அதன் அளவுக்குத்தான் சிலிண்டரைக் குடைய வேண்டுமாம். தைத்துவிட்டு அளவெடுப்பது போல நான் வந்திருக்கிறேன்.

அங்கிருந்து மார்த்தாண்டம். பிஸ்டனை வாங்கிக்கொண்டு மறுபடி நெய்யாற்றின்கரை. களியக்காவிளையில் பஸ் மாறுகிற இடத்தில் சாயாக்கடைக்காரர் மூன்றாவது நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சாரே, இன்னும் குழந்தைக்கு சொகமாகல்லியா?" என்றார். சிலிண்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த விதம் அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

இப்படியாகத்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. ஈர்க்கிலும் ஒடிந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு மறுபடி எஞ்சினின் தலையைக் கழற்றி, துண்டை எடுத்து, மாட்டினேன். இம்முறை குடைக்கம்பியால் அளந்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்த இடத்தில் ஊர் என்னைத் தனியாக விட்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கல்யாண வீட்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஆண்கள் வந்துவிடுவார்கள். பந்தல் போடுவார்கள், தேங்காய் துருவுவார்கள், விறகு பிளப்பார்கள். ஒரு வேலையிலாவது கை வைக்காமல் சாயா குடித்துவிட்டுப் போவது மானக்கேடு. இப்போது பந்தலுக்கு கான்ட்ராக்ட். சாப்பாட்டுக்கு கேட்டரிங். நாற்காலியைக்கூட வாடகைக்குக் கொடுத்தவர்களே அடுக்கிவிட்டுப் போகிறார்கள். வந்த ஆண்களுக்கு வேலை இல்லை. ஆனால் மானம் இருக்கிறது.

முற்றத்தில் கை வைக்க மிச்சமிருந்தது வண்டி ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் முதலில் வந்தவர் பால்ராஜ் அண்ணன். ரப்பர் வெட்டுகிறவர். வலது பக்கத்து வட்ட மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே ஒரு தட்டு இருக்கிறது. அதைத் திருப்பினால் பிளக்கில் பொறி விழும் நேரம் மாறும். ஒரு பக்கமாகத் திருப்பினால் பொறி முன்னதாகவே விழும். அதற்கு அட்வான்ஸ் என்று பேர். அட்வான்ஸ் வைத்தால் வண்டிக்கு இழுப்பு கூடும் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை.

"அப்பனும் பொண்ணும் இருக்க வேண்டிய வண்டி" என்றார் பால்ராஜ் அண்ணன். "சர்ச்சுக்குப் போற வழியில ஏற்றம் உண்டு. ஒரு பொடி அட்வான்ஸ் வச்சாக் கொள்ளாம்."

ஒரு பொடி என்றால் எங்கள் பேச்சில் மிகச் சின்ன அளவு. கண்ணுக்குத் தெரியாது, மனசுக்குத் தெரியும். அந்த அளவுக்குத் திருப்பினார். சாயா குடித்துவிட்டு நிறைவோடு போனார்.

அடுத்தது குட்டன் பிள்ளை சேட்டன். மிலிட்டரியில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். மூடி மறுபடி திறக்கப்பட்டது.

"இது போரா சாரே. ஒரு பொடி கூடி கொடுக்கணும்."

கொடுத்தார்.

பிறகு கிளீட்டஸ். பொழியூரிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவர். மீன் பெட்டியை இறக்காமலே கேட்டார்: "டூ ஸ்ட்ரோக்தானே? எங்க வள்ளத்து எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்காக்கும். அலையில ஏறணும்னா அட்வான்ஸ் வேணும். எலே, தள்ளி நில்லுங்க எல்லாரும்."

ஒரு பொடி. மூடியில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

ஞாயிறு மத்தியானத்துக்குள் ஒன்பது பேர். யாரும் இன்னொருவர் வைத்ததைக் கெடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு பொடிதான். எல்லாரும் ஒரே பக்கமாக.

ஒன்பது பொடி சேர்ந்தால் எவ்வளவு? இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்காத ஒரே ஆள் அங்கே நின்ற கணக்கு வாத்தியார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். நான் ஏறி கிக்கரை உதைத்தேன். கிக்கர் என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. நான் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சுற்றினேன்.

"கொள்ளாம்!" என்றார் பால்ராஜ் அண்ணன். "கம்ப்ரஷன் உண்டு!"

"திருப்பி உதைக்குதுன்னா உயிர் உண்டு" என்றார் கிளீட்டஸ்.

நான்காவது உதையில் ஸ்டார்ட் ஆனது.

ஸ்டாண்டில் நின்றபடி எட்டு வருஷத்துப் புகையைக் கக்கியது. பந்தல் முழுக்க வெள்ளை. ஆட்கள் கை தட்டினார்கள். யாரோ ஒருவர் விசிலடித்தார். மாமா வாசலில் வந்து நின்றார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தார்.

"நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வாறேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார் மாமி. "பொண்ணு ஏறுறதுக்கு முந்தி வேற ஆரும் ஏறப்பிடாது."

பகுத்தறிவு போதிக்கிற ஆசிரியன் என்ற முறையில் நான் இதை எதிர்த்திருக்க வேண்டும். ஆனால் முழங்கால் வீங்கியிருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு நம் வழக்கங்களின் மேல் பெரிய மரியாதை வந்தது. வண்டியை அணைத்தேன். பெண்கள் அதற்கு ரிப்பனும் முல்லைப்பூவும் கட்டத் தொடங்கினார்கள்.

திங்கள் காலை. வண்டி வெளிவாசலைப் பார்த்து நின்றது. அங்கிருந்து சர்ச் ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் ஒரு ஏற்றம், ஒரு மாநில எல்லை. வீடு கேரளத்தில், சர்ச் தமிழ்நாட்டில்.

உபதேசியார் ஜெபம் செய்தார். பிள்ளைகளுக்காகச் செய்தார், பெற்றோருக்காகச் செய்தார், கடைசியில் வண்டிக்காகவும் ஒரு வரி செய்தார். மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஷைனி க்ரீம் பட்டுச் சேலையில், கையில் பூச்செண்டோடு, ஒருபக்கமாக உட்கார்ந்தாள். மற்றக் கையை அப்பாவின் தோளில் வைத்தாள். வீடியோக்காரர் வண்டிக்கு முன்னால் நின்று, கேமராவைக் கண்ணில் வைத்தபடி பின்னோக்கி நடக்கத் தயாரானார்.

மாமா உதைத்தார். ஒரே உதை. ஸ்டார்ட்!

கம்பியை மடக்கினார். ஃபர்ஸ்ட் போட்டார். கிளட்சை மெல்ல விட்டார்.

வீடியோக்காரர் பின்னால் நடந்தார். வண்டியும் பின்னால் போனது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் விலகிப் போனார்கள். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மாமா தவறான கியரைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தார். செகண்டைப் போட்டார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

"அப்பா" என்றாள் ஷைனி, மிகப் பொறுமையாக. "சர்ச் அங்கோட்டாக்கும்."

பின்னால் வாடகை நாற்காலிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வண்டி முதல் அடுக்கில் முட்டியது. அது இரண்டாவது அடுக்கின் மேல் சாய்ந்தது. அது மூன்றாவதன் மேல். சிவப்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து முற்றம் முழுக்கப் பரவின. மாமா பிரேக்கை மிதித்துவிட்டார். எஞ்சின் நின்றது. ஷைனியின் பூச்செண்டில் ஒரு பூகூட உதிரவில்லை. அவள் தலையில் மட்டும் பந்தல் ரிப்பன் ஒன்று விழுந்து கிடந்தது.

கிளீட்டஸ்தான் முதலில் பேசினார். "எங்க வள்ளத்துல ரிவர்ஸுக்குத் தனியா கியர் உண்டு. உங்க வண்டியில சும்மாவே உண்டே சாரே!"

"பொறி ஒருபாடு முன்னே விழுந்நு" என்றார் குட்டன் பிள்ளை சேட்டன். "பிஸ்டனை மேலே ஏற விடாம திருப்பி அடிச்சு. டூ ஸ்ட்ரோக் ஆணல்லோ, அது மறு பக்கமா கறங்கும். இன்னலேயும் அங்ஙனெ ஆயிரிக்கும்."

நேற்றும் பின்பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறது. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியைப் பார்த்து அதை யார் கண்டார்கள்?

"ஆரு அவ்வளவு அட்வான்ஸ் வச்சது?" என்றார் மாமி.

"நான் ஒரு பொடிதான் வச்சேன்" என்றார் பால்ராஜ் அண்ணன்.

"ஞானும் ஒரு பொடி."

"நானும் ஒரு பொடிதான்."

ஒன்பது பேரும் வரிசையாகச் சொன்னார்கள். ஒன்பது பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பிறகு ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போது என் போன் அடித்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா.

"புறப்பட்டாச்சா?"

"புறப்பட்டாச்சு" என்றேன்.

"எவ்வளவு தூரம் வந்தாச்சு?"

நான் வண்டியைப் பார்த்தேன். "புறப்பட்ட எடத்திலேருந்து ஒரு பத்தடி" என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

என் மனைவி பக்கத்தில் வந்தாள். கல்யாணத்துக்காக வாங்கிய சேலையில் இருந்ததால் மெதுவாகப் பேசினாள். "உங்களுக்கு வாய் இல்லாம இருந்திருந்தா இன்னிக்கு என் தங்கச்சி கார்ல போயிருப்பா."

உறவுக்காரர் ஒருவர் கார் சாவியை ஆட்டிக் காட்டினார். "மக்கா ஷைனி, நேரமாச்சு. கார்ல ஏறு. வண்டியில போறதா படம் மட்டும் பிடிச்சாப் போதும்லா?"

மாமா வண்டியிலிருந்து இறங்கப் போனார். "அதாக்கும் நல்லது" என்றார். "நீ கார்ல போ பிள்ளே. நான் பின்னால வாறேன்."

"இறங்காதீங்க அப்பா" என்றாள் ஷைனி. "நீங்க கொண்டு விட்டாத்தான் நான் போன கணக்கு."

மாமா இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்தார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று வாரத்தில் முதல்தடவையாக, எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று உரக்கச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது.

ஷைனி இறங்கினாள். பூச்செண்டை என் கையில் திணித்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு வண்டியின் வலது பக்கம் குந்தினாள்.

"அத்தான், மூடியக் கழற்றுங்க."

பூச்செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழற்றினேன்.

தட்டின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு வெளியே எஞ்சின் உடம்பில் இன்னொரு சிவப்புப் புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்.

"இது என்ன?"

"நெயில் பாலிஷ். நீங்க எஞ்சினைக் கழற்றுறதுக்கு முந்தின நாள் வச்சேன். அப்பா ஓட்டினப்ப ரெண்டும் நேருக்கு நேராத்தான் இருந்தது."

"ஏன் சொல்லல்ல?"

"ஆரு கேட்டா?"

ஒன்பது பேர் குனிந்து பார்த்த இடம் அது. நான் பத்தாவது ஆள். எல்லாரும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் இருப்போம். கம்பெனி வைத்த ஏதோ ஒரு பொட்டு என்று விட்டிருப்போம்.

ஷைனி இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொன்னாள். மருதாணி விரலால் தட்டைத் தள்ளினாள். புள்ளிகள் நேருக்கு நேர் வந்தன. "இனி முறுக்குங்க. ஒரு பொடிகூட மாறப்பிடாது" என்றாள். முறுக்கினேன். விரலை மாமியின் துவாலையில் துடைத்துவிட்டு, என் கக்கத்திலிருந்த பூச்செண்டை உருவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மாமா உதைத்தார். ஸ்டார்ட் ஆனது. ஃபர்ஸ்ட் போட்டார்.

வண்டி முன்னால் போனது.

வீடியோக்காரர் ஓட வேண்டியிருந்தது. வெளிவாசலைத் தாண்டி ரோட்டில் ஏறி, புகையைப் பின்னால் விட்டுக்கொண்டு, அப்பாவும் மகளும் தமிழ்நாட்டைப் பார்த்துப் போனார்கள். ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அது தடுமாறவில்லை.

"ஏற்றத்துல இழுக்குது பாத்தியா?" என்றார் பால்ராஜ் அண்ணன். "நான் அப்பமே சொன்னேன்லா."

அவர் எப்போது எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. ஆட்கள் கார்களிலும் வேனிலும் ஏறத் தொடங்கினார்கள். குட்டன் பிள்ளை சேட்டன் என் தோளில் கை போட்டார்.

"சாரே, என்டெ வீட்டில ஒரு பழைய ஸ்கூட்டர் கிடக்குந்நு. இருபது வர்ஷமா ஓடல்ல."

"அதுக்கென்ன சேட்டா" என்றேன். முழங்கால் வலி குறைந்தது போலிருந்தது. "எஞ்சின்னா ஒரு கணக்குத்தான். வரிசையா கழற்றணும்…"

மாமி நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து, நான் விட்டிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். சேலை முந்தானையில் துடைத்தார். தன் கைப்பைக்குள் பைபிளுக்குப் பக்கத்தில் அதைச் செருகி, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, வேனில் ஏறினார்.